கேள்வி நேரம்: தப்பு செய்யாதவன் போனை ஏன் மறைக்கணும்?

லஞ்ச வழக்கு ஒன்றில் அரசு போட்ட போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்து சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் கொடுத்த தீர்ப்பை ஒட்டி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இந்த வாரம் அவை மட்டும்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். தலைப்பு அப்படி, என்ன செய்ய! ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

நாட்டுப் பாதுகாப்பு பெரிதா, தனிமனிதனின் அந்தரங்கம் பெரிதா? மழுப்பாமல் ஒன்றைச் சொல்லுங்கள்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, மழுப்பப் போவதில்லை. ஆனால் இரண்டில் ஒன்றை எடுக்கவும் மாட்டேன். 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். தாஜ் ஓட்டலிலும் நரிமன் ஹவுஸிலும் உள்ளே இருந்த கொலையாளிகள் பாகிஸ்தானில் இருந்தவர்களோடு போனில் பேசிக்கொண்டே இருந்தார்கள், நம் ஆட்கள் அதை அப்போதே ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தார்கள், அந்தப் பதிவுகள் பிறகு கசாப் வழக்கில் சாட்சியமாகவும் வந்தன. அதைத் தவறு என்று யார் சொல்வார்கள்? நான் சொல்ல மாட்டேன். குறிப்பிட்ட எண், குறிப்பிட்ட ஆள், கண்ணெதிரே ஆபத்து, எல்லாம் இருந்தது.

அதே மும்பை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கடல் வழியாக ஆட்கள் வரலாம், பெரிய ஓட்டல்கள் குறி என்ற எச்சரிக்கைகள் தாக்குதலுக்கு முன்பே உளவுத்துறைக்கு வந்திருந்தன. தகவல் இருந்தது, அதை வைத்து ஒழுங்காக வேலை செய்யத்தான் ஆள் இல்லை. ஆனால் தாக்குதலுக்குப் பிறகு வந்த பேச்செல்லாம் இன்னும் அதிகத் தகவல் திரட்டுவதைப் பற்றியே இருந்தது. வங்கி, ரயில், விமானம், போன் என்று எல்லாத் தகவல் தொகுப்புகளையும் இணைக்கும் நாட்கிரிட் அப்படி வந்ததுதான்.

எனவே அரசு கேட்கலாமா கூடாதா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கேட்பதை யார் சரிபார்க்கிறார்கள்? இதில் மட்டும்தான் சண்டை. இந்தியாவில் இதற்கு நேர்மையான பதில், கிட்டத்தட்ட யாரும் இல்லை என்பதே.

தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும்? என் போனை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், ஒன்றும் இல்லை.
(பின்னலாடைத் தொழில் செய்பவர், திருப்பூர்)

சரி, அப்படியானால் உங்கள் போனைத் திறந்து தொழில் போட்டியாளரிடம் ஒரு மணி நேரம் கொடுப்பீர்களா? எந்த பையர் என்ன விலைக்கு ஆர்டர் கொடுத்தார், எந்த வங்கியில் எவ்வளவு ஓவர்டிராஃப்ட் இருக்கிறது என்பதெல்லாம் தப்பு இல்லைதான், இருந்தும் கொடுக்க மாட்டீர்கள்.

"அரசு வேறு, போட்டியாளர் வேறு" என்பீர்கள். அரசு என்பது கடைசியில் ஒரு மேசையும் அதில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளும். 2013-ல், மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் போன் விவரங்களை எடுக்க முயன்றதாக டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர் கைதானார். உயரதிகாரி அலுவலகத்து மின்னஞ்சலிலிருந்து தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு கோரிக்கை, அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது. பின்னாளில் நிதியமைச்சர் ஆனவருக்கே அந்த கதி. தனியார் துப்பறிவாளர்கள் சிடிஆர் எனப்படும் போன் அழைப்பு விவரங்களை விற்றதாக 2018-ல் தானேயில் வரிசையாகக் கைதுகள் நடந்தன. விவாகரத்து வழக்கில் மனைவி யாரோடு பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள விரும்பிய கணவர்கள்தான் இதற்கு நல்ல வாடிக்கையாளர்கள்.

சிடிஆர் என்றால் நீங்கள் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினீர்கள், அப்போது எந்த டவரில் இருந்தீர்கள் என்ற பட்டியல். பேச்சு அதில் இருக்காது, ஆனால் வாழ்க்கை இருக்கும். வாராவாரம் செவ்வாய்க்கிழமை புற்றுநோய் மருத்துவமனை டவரில் ஒரு மணி நேரம் இருக்கிறவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் பேச்சைக் கேட்க வேண்டுமா? நிறுவனங்கள் இதைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், 2021 கடைசி வரை அது ஒரு வருடமாக இருந்தது. ஒட்டுக்கேட்கவாவது உள்துறைச் செயலாளர் கையெழுத்து வேண்டும், சிடிஆர் எடுக்க அதுகூட வேண்டாம், போலீஸ் விசாரணை என்று ஒரு கடிதம் போதும்.

யார் கையெழுத்துப் போட்டால் என் போனைக் கேட்கலாம்? நீதிபதி உத்தரவு வேண்டாமா?
(சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

வேண்டாம். படம் பார்த்துப் பழகியவர்கள் பெரும்பாலும் வாரண்ட் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் காலத்து 1885 தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பொது அவசரநிலை அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் கேட்கலாம், அதுவும் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுப்பது ஆகிய காரணங்களுக்கு மட்டும். எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. நடப்பில் என்ன ஆனது என்றால், 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் பதவி விலகினார். 1991-ல் ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் கொதித்ததில் சந்திரசேகர் ஆட்சியே போனது. நம் அரசியல்வாதிகளுக்கு அந்தரங்க உரிமை ஞாபகம் வருவது பெரும்பாலும் தங்கள் போனை யாராவது கேட்கும்போதுதான், அது தனிக்கதை.

பி.யு.சி.எல். என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகள் சொன்னது. உள்துறைச் செயலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும், உத்தரவுக்குக் காலக்கெடு வேண்டும், ஒரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். நீதிபதியிடம் முன் அனுமதி வேண்டும் என்று அப்போது வாதாடிப் பார்த்தார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது. நாடாளுமன்றம் இன்றுவரை செய்யவில்லை. 2007-ல் தந்தி விதிகளில் 419-ஏ விதியாக இந்த வழிமுறைகளைச் சேர்த்தார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 டிசம்பரில் அதற்குப் புது விதிகளும் வந்துவிட்டன. அடிப்படை அமைப்பு அப்படியேதான் இருக்கிறது: 60 நாள் உத்தரவு, நீட்டித்தால் மொத்தம் 180 நாள், அவசரம் என்றால் உள்துறைக்குப் போகாமலேயே உயர் போலீஸ் அதிகாரி தொடங்கிவிட்டு ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம்.

மறுபரிசீலனைக் குழுவில் யார் யார்? மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், இன்னொரு செயலாளர். கையெழுத்துப் போட்டவரும் செயலாளர், சரிபார்ப்பவர்களும் செயலாளர்கள். பரீட்சை எழுதியவனின் அண்ணனே விடைத்தாள் திருத்துவது மாதிரி.

அப்படியாவது திருத்துகிறார்களா? 2013-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்குக் கிடைத்த பதிலின்படி மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போட்டுக்கொண்டிருந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை என்று, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வரைவு தயாரித்த ஸ்ரீகிருஷ்ணா குழுவே 2018 அறிக்கையில் எழுதியது. ஸ்ரீகிருஷ்ணா ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி, அரசு நியமித்த குழு அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று செயலாளர்களும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடி வராது. கோப்பின் நாடாவை அவிழ்க்கவே அதற்கு மேல் ஆகும்.

இது மாநிலங்கள் போடுவதைச் சேர்க்காத கணக்கு. கணினி, இணையம் வழியே போவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு தனியாக இருக்கிறது. அதில் பொது அவசரநிலை என்ற கதவே கிடையாது, எந்தக் குற்றத்தின் விசாரணைக்கும் பயன்படுத்தலாம். 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் பத்து அமைப்புகளின் பெயரைப் போட்டு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் உளவுத்துறை, சிபிஐ, ரா மட்டுமல்ல, வருமான வரித்துறையைக் கவனிக்கும் நேரடி வரிகள் வாரியமும் உண்டு.

போன் பேசும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. டேப் பண்ணுகிறார்களா?
(வாசகர், நாகர்கோவில்)

சிக்னல் சரியில்லை. ஒட்டுக்கேட்பது தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்தில் நடக்கும், உங்கள் காதுக்கு ஒன்றும் வராது. வாட்ஸ்அப்பில் சிவப்பு டிக் வந்தால் அரசு நடவடிக்கை எடுக்கிறது என்று சுற்றும் செய்தியும் பொய், அதை எனக்கு அனுப்பாதீர்கள்.

லஞ்ச வழக்கில் சிக்கியவரைக் காப்பாற்றத்தானே சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு பயன்பட்டது? இதைப் போய்ப் பாராட்டுகிறீர்களே!
(வங்கி ஊழியர், சேலம்)

உங்கள் கோபம் புரிகிறது. வருமான வரி அதிகாரிக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் கொடுக்கப் பேசினார்கள் என்பது வழக்கு. சிபிஐ கேட்டதன் பேரில் 2011 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சகம் ஒரு தனியார் நிறுவன நிர்வாகியின் போனை ஒட்டுக்கேட்க உத்தரவு போட்டது. அதை எதிர்த்து அவர் போட்ட மனுவில்தான் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று அந்த உத்தரவை ரத்து செய்தார்.

சட்டம் கேட்பது பொது அவசரநிலை அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு. ஒரு லஞ்சப் பேரம் இதில் எதற்குள் வரும்? அவசரநிலை என்பது யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், அமைச்சகத்தின் கோப்புக்குள் மட்டும் ரகசியமாக இருக்க முடியாது. போதாததற்கு, ஒட்டுக்கேட்டதை மறுபரிசீலனைக் குழுவின் முன் வைக்கவே இல்லை. மேலே சொன்னேனே அந்த இரண்டு விநாடிக் குழு, அதற்குக்கூட அனுப்பவில்லை. குற்றவாளி தப்பினால் வருத்தம்தான், ஆனால் விதியை மீறியது யார்? லஞ்சத்தைப் பிடிக்கப் பொறி வைத்துப் பிடிப்பதிலிருந்து எத்தனையோ வழி இருக்கிறது. தனியாக வேறு சான்றுகள் இருந்தால் விசாரணை நீதிமன்றம் அவற்றைப் பார்ப்பதற்கும் தடை இல்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். அதே சமயத்தில், 2025 ஜூனில், டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு ஊழல் வழக்கில் நேர் எதிராகச் சொன்னது. பெரிய அளவு ஊழல் பொதுமக்கள் பாதுகாப்பைப் பாதிக்கும், எனவே ஒட்டுக்கேட்டது சரி என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஊழல் பொதுப் பாதுகாப்பு என்றால் வரி ஏய்ப்பும் பொதுப் பாதுகாப்பு, வட்டித் தொழிலும் பொதுப் பாதுகாப்பு, அப்புறம் அந்த வார்த்தைகளைச் சட்டத்தில் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

சென்னை வழக்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. தன் போன் கேட்கப்பட்டது அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? அதை அவருக்கு எதிராகச் சாட்சியமாக வைத்ததால். ஒட்டுக்கேட்டு ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டவர்களுக்கு, அதாவது உங்களையும் என்னையும் போல நிரபராதிகளுக்கு, அது ஒருபோதும் தெரியப்போவதில்லை. தெரியாததை எதிர்த்து எப்படி மனு போடுவது? குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே இந்த உரிமைக்காக நீதிமன்றம் போக முடிகிறது, அவர் போனால் நாம் அவரைத் திட்டுகிறோம்.

வாட்ஸ்அப் கால் பாதுகாப்பானதா?
(வாசகி, கோவை)

வழியில் யாரும் கேட்க முடியாது. போனுக்குள்ளேயே புகுந்துவிட்டால் எதுவும் பாதுகாப்பில்லை. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் அதைத்தான் செய்கிறது. 2019-ல் சுமார் 1,400 போன்களைக் குறிவைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பே அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்பது அந்த நிறுவனத்தின் வாதம், அதுதான் நமக்குக் கவலை.

2021-ல் இந்தியப் பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் எண்களெல்லாம் பெகாசஸ் குறிவைத்திருக்கலாம் என்ற பட்டியலில் இருக்கின்றன என்று செய்தி வந்தபோது விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. வாங்கினீர்களா இல்லையா என்ற கேள்விக்கு அரசு, தேசப் பாதுகாப்பு, சொல்ல முடியாது என்றது. தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் நீதிமன்றம் ஊமையாகிவிடாது என்கிற பொருளில் 2021 அக்டோபரில் உத்தரவு போட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தார்கள். குழு 29 போன்களைச் சோதித்ததில் ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதைத் தலைமை நீதிபதி ரமணா 2022 ஆகஸ்ட்டில் நீதிமன்றத்திலேயே சொன்னார். வாங்கியதா என்ற ஒற்றைக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

சஞ்சார் சாத்தி செயலியை ஏன் எதிர்த்தார்கள்? தொலைந்த போனைக் கண்டுபிடிக்க நல்லதுதானே?
(மொபைல் கடைக்காரர், விழுப்புரம்)

நல்லதுதான். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். 2025 நவம்பர் கடைசியில் எல்லாப் புதுப் போனிலும் அரசின் இந்தச் செயலியை முன்கூட்டியே ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று போன் நிறுவனங்களுக்கு உத்தரவு போனது, எதிர்ப்பு வந்ததும் அழிக்கலாம் என்று அமைச்சர் சொன்னார், டிசம்பர் 3 அன்று உத்தரவையே திரும்பப் பெற்றார்கள். கேட்டால் கொடுக்கிற மக்களிடம் பிடுங்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மட்டும் எல்லாம் ஒழுங்கா? ஸ்னோடன் சொன்னதை மறந்துவிட்டீர்களா?
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

மறக்கவில்லை. அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியக் கண்காணிப்பை வெளியே சொன்னவர் அவர். அங்கே 1978 முதல் உளவுக் கண்காணிப்புக்கு என்றே ஒரு தனி நீதிமன்றம் இருக்கிறது. 2012 வரை 33,900-க்கும் மேற்பட்ட மனுக்களுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, நிராகரித்தது 11. அரசுத் தரப்பு மட்டுமே பேசும் மூடிய அறையில் நீதிபதியை உட்கார வைத்தாலும் முத்திரை குத்துபவராக ஆகிவிடுவார் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இருந்தாலும் ஒரு வித்தியாசம். அந்த 11 என்ற எண் நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அங்கே எண்ணிக்கையை வெளியிட்டாக வேண்டும். பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்துப் போட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்ப வேண்டும், வருடாவருடம் அறிக்கையும் வருகிறது. நம் அரசு எத்தனை உத்தரவு, எத்தனை மறுப்பு என்று ஆண்டறிக்கை எதுவும் போடுவதில்லை. மொத்த எண்ணிக்கையைச் சொன்னால் எந்தப் பயங்கரவாதிக்கு என்ன லாபம்? எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்த பிறகும் எதுவும் மாறவில்லையா?
(வாசகர், திருநெல்வேலி)

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி தீர்ப்பைக் கேட்கிறீர்கள். மாறியது. சென்னைத் தீர்ப்பெல்லாம் அதன் தோளில் நின்றுதான் வந்தது. சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டும் தலையிட வேண்டும் என்று அளவுகோல் கிடைத்தது.

அதற்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு உண்டு, பலருக்கு நினைவிருக்காது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதை நக்கீரன் வெளியிடப் போனபோது சிறைத்துறை அதிகாரி தடுக்கப் பார்த்தார், ஏனென்றால் அதில் அதிகாரிகள் பெயர்கள் வந்தன. 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு. தனிமனிதனுக்கு அவன் பாட்டில் விடப்படும் உரிமை உண்டு. அரசு அதிகாரி தன் பதவி வேலையில் செய்ததை அந்த உரிமையைக் காட்டி மூட முடியாது.

இப்போது நடப்பது இதற்குத் தலைகீழ். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில், தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு மொத்தமாக விலக்கு கொடுக்க மத்திய அரசு அதிகாரம் வைத்துக்கொண்டது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றியது, 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. முன்பு தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் அந்தப் பிரிவிலேயே கொடுக்க இடம் இருந்தது, இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம். 8(2)-ல் பொதுநலனுக்கு ஒரு வழி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அரசு சொல்கிறது, இருக்கிறதுதான், ஆனால் கீழ்நிலைத் தகவல் அதிகாரி எவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வார்? ஒப்பந்ததாரர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், அவருடைய அந்தரங்கத்தை எவ்வளவு பொறுப்பாகக் காப்பாற்றுகிறார்கள் என்று தெரியும்.

என் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று ஆர்.டி.ஐ. போட்டுக் கேட்கலாமா?
(சமூக ஆர்வலர், திருச்சி)

கேட்கலாம், பதில் வராது. டெல்லியில் ஒரு வழக்கறிஞர் இதையே கேட்டார். நிறுவனத்திடமிருந்து விவரம் வாங்கிக் கொடுங்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். ஆணையம் மேல்முறையீடு போனது. நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தகவல், தகவல் உரிமைச் சட்டத்தில் கொடுக்க வேண்டியதில்லை என்று 2023 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது.

நீங்கள் மனு போடுவதென்றால் உங்கள் எண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். தமிழக உள்துறைக்கு எழுதி, மாநில மறுபரிசீலனைக் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது, எத்தனை உத்தரவுகளைப் பார்த்தது, அதில் எத்தனையைத் தள்ளுபடி செய்தது என்று எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு இருக்கிறது, அதைத் தவற விடாதீர்கள். என்ன பதில் வந்தாலும் நகலை அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.